அரிசி டின்னுக்குள் போன்

ஜூன் 2, திங்கள்

ஆவுடையப்பன் அண்ணாச்சியின் பத்திர ஆபீஸில் போன வருஷத்து டைரி ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. கேட்டு வாங்கி வந்துவிட்டேன். கிழமை ஒத்துவராது. அடித்து மாற்றிக்கொள்ளலாம்.

இன்று முதல் நாற்பது நாள். காலை ஐந்திலிருந்து ஆறு வரை எழுதுவேன். அந்த ஒரு மணி நேரமும் போன் அரிசி டின்னுக்குள் இருக்கும், மூடியை இறுக்கி. எழுதியதை முடிகிற வரைக்கும் ஒருத்தர் கண்ணிலும் காட்டமாட்டேன். முடிந்ததும் நானே புத்தகமாகப் போடுவேன். பதிப்பாளர் தேவையில்லை, இணையதளமும் தேவையில்லை.

எதற்கு இவ்வளவு வீராப்பு என்றால், ஏழு வருஷத்தில் பதினாறு தொடர்கதை எழுதியிருக்கிறேன். பதினாறும் இணையதளத்தில், வாரம் இரண்டு பகுதி. ஒவ்வொன்றுக்கும் கீழே நூறு கமெண்ட். "செம சிஸ்", "ஹீரோ பாவம் சிஸ்", "அடுத்த யூடி எப்போ சிஸ்?" புதுப் பகுதிக்கு அங்கே யூடி என்று பெயர். ஹீரோ பாவம் என்று பத்துப் பேர் எழுதினால் அடுத்த பகுதியில் அவனுக்குக் காய்ச்சல் வரவழைத்து ஹீரோயினைக் கஞ்சி வைக்கச் சொல்லிவிடுவேன். ஒரு கதையில் செத்துப்போன மாமியாரை, நாற்பத்து மூன்று பேர் அழுதார்கள் என்று, ஆஸ்பத்திரியில் கண் விழிக்க வைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

பகலெல்லாம் நான் பத்திரம் டைப் அடிக்கிறவள். பாதிப் பத்திரத்தைத் தெருவில் ஒட்டி, "மேற்கு எல்லை எதை வைக்கலாம், சொல்லுங்க சிஸ்" என்று யாராவது கேட்பார்களா? கதைக்கு மட்டும் நான் கேட்டேன்.

பதினேழாவது கதை பதினெட்டாம் பகுதியில் நிற்கிறது. ஆத்விக் யாழினியை அறைந்துவிட்டான். அவள் பையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள். திருப்பி அனுப்பு, திருப்பி அனுப்பு என்று தளமே ஒரே குரலில் கத்துகிறது. அவர்களுக்கு நான் ஆராதனா, சென்னை, இருபத்தைந்து வயது இருக்கலாம். இங்கே கோவில்பட்டியில் உட்கார்ந்திருப்பது சுப்புத்தாய், நாற்பத்தொன்று, கண்ணாடி போட்டவள்.

அனுப்பமாட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

அலாரம் அடித்தது. நிறுத்திவிட்டுத் தூங்கினேன். 0 சொற்கள்.

ஜூன் 4, புதன்

212 சொற்கள். அதில் நூறு யாழினியின் சேலை நிறத்தைப் பற்றி. அடித்துவிட்டேன். 112.

ஜூன் 6, வெள்ளி

430 சொற்கள். அடுப்படி மேடைதான் மேஜை. பாத்திரம் கழுவாமல் முதலில் எழுத வேண்டும் என்பது இன்று கண்டுபிடித்த விதி. பாத்திரத்தைத் தொட்டால் அப்புறம் தரை, தரைக்கு அப்புறம் வாசல், அப்புறம் நான் எழுத்தாளர் இல்லை.

என் வீட்டுக்காரர் கண்டக்டர். இவருக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட், சாத்தூர் பஸ்ஸில். காலையில் எழுந்து வந்து கேஸ் அடுப்புக்குக் கை நீட்டி, என் நோட்டைப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டார். "ஏளா, நான் கடையில டீ குடிச்சுக்கிடுதேன்" என்று கிளம்பினார். கண்டக்டருக்கு ஆள் முகம் பார்த்தே விசில் அடிக்கத் தெரியும்.

ஜூன் 9, திங்கள்

510 சொற்கள். டின்னைத் திறந்தபோது இரண்டு மிஸ்டு கால். தங்கச்சி கோமு. 5.20, 5.34. சாத்தூரில் கட்டிக்கொடுத்தவள். சாயங்காலம் கூப்பிட்டேன், அவள் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி எடுத்தார். "கோயிலுக்குப் போயிருக்கா மதினி." சரி, பக்தி வந்துவிட்டது போல.

ஜூன் 11, புதன்

இட்லிக்கு ஊறப்போட மறந்தேன். ரவை உப்புமா. 380 சொற்கள்.

ராத்திரி சாப்பிடும்போது இவர் சொன்னார், சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் கோமுவைப் பார்த்தாராம். "மாஸ்க் போட்டிருந்தா. கூப்பிட்டேன், கண்ணை மட்டும் காட்டிட்டுத் திரும்பிக்கிட்டா."

சளியாக இருக்கும். ஊரெல்லாம் இருமல்.

ஜூன் 12, வியாழன்

தளத்து அட்மின் மேடத்திடமிருந்து நாலு நிமிஷ வாய்ஸ் நோட். "சிஸ், ரீடர்ஸ் தவிச்சுப் போறாங்க. ஹீரோவை வில்லனா விட்ராதீங்க. ஒரு சாரி சொல்ல வச்சு, ஒரு ஆக்சிடென்ட் போட்டு, ஆஸ்பத்திரியில ஒண்ணு சேத்திருங்க. நீங்க பண்ணாத சீனா?"

நான் பண்ணாத சீனா! அதுதான் எரிகிறது.

கமெண்ட் பார்க்கக்கூடாது என்பது விதி. மதியம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டேன். "ஒரு அடிதானே சிஸ்." "லவ் இருக்கறதாலதானே கோபம்." இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூறு இப்படி. மல்லி என்ற பெயரில் ஒருத்தி மட்டும் வேறு மாதிரி கேட்டிருந்தாள்: "யாழினிக்கு பஸ் வந்துச்சா?"

இவள் யாரோ, இவளுக்காக எழுதலாம்.

ஜூன் 15, ஞாயிறு

மாவு அரைத்தேன், புளி கொட்டை எடுத்தேன், இவர் காக்கிச் சட்டை நாலும் துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து மணி ஐந்து மணிதான், எழுதினேன். ஆனால் நகரவில்லை. யாழினி பஸ்ஸில் ஏறி அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள். அக்கா கதவைத் திறக்கிறாள். அதற்கு மேல் அந்த அக்கா வாயைத் திறந்தால் தப்பாகவே பேசுகிறாள். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கிழித்தேன்.

அக்கா வேண்டாம் என்று நினைக்கிறேன். தோழி வீடு என்று மாற்றிவிடலாம். தோழிகள் நல்லவர்கள்.

ஜூன் 16, திங்கள்

தோழி சரிப்படவில்லை. 90 சொற்கள். மிஸ்டு கால் 3.

ஜூன் 18, புதன்

மிஸ்டு கால் 4. எல்லாம் ஐந்தேகாலுக்கும் ஐந்தே முக்காலுக்கும் நடுவில். மற்ற நேரம் நான் கூப்பிட்டால் தங்கப்பாண்டிதான் எடுக்கிறார். குளிக்கிறாள், தூங்குகிறாள், கடைக்குப் போயிருக்கிறாள்.

இவரிடம் சொன்னேன். கைப்பையில் டிக்கெட் கட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "சகலை அந்த நேரத்துலதான் பால் சொசைட்டிக்குப் போவாரு. அஞ்சுக்குப் போனா ஆறுக்குத்தான் வருவாரு. அவளுக்கு வீட்டுல அந்த ஒரு மணி நேரந்தான்."

எனக்கும் அந்த ஒரு மணி நேரம்தானே இருக்கிறது? ஏழு வருஷமாக யார் யாருக்கோ எழுதிவிட்டு, இப்போதுதான் எனக்கென்று ஒரு மணி நேரத்தைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். அதையும் கொடுத்துவிட வேண்டுமா? இவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

820 சொற்கள். இதுவரை இதுதான் அதிகம். அரிசிக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. எழுதினேன்.

ஜூன் 21, சனி

இன்று அழைப்பு இல்லை. நிம்மதியாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆறு மணி வரைக்கும் டின்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வரி வரவில்லை.

நேற்று எழுதிய எண்ணூற்றிருபதை வாசித்தேன். பஸ் ஜன்னலில் மழை. வேறு ஒன்றுமில்லை. தூ.

ஜூன் 22, ஞாயிறு

சமைக்கவில்லை. இவர் பரோட்டா வாங்கி வந்தார்.

இந்த டைரியிலும் நான் ஆராதனாவாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சளியாம், பக்தியாம். எழுதுகிற பழக்கம் வரவேண்டும் என்றால் முதலில் பொய் எழுதுகிற பழக்கம் போக வேண்டும். எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் கோமு இங்கே வந்தாள். மழையில் நனைந்து, ஒரு கட்டைப் பையோடு. இடது கன்னம் வீங்கியிருந்தது. மூன்று நாள் இருந்தாள். நான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தலை துவட்டிவிட்டு, ஒன்று சொன்னேன். "உரிமை இல்லாதவளை எவன் அடிப்பான்?"

இது என்னுடைய வசனம். ஆறாவது கதை, முப்பதாம் பகுதி. ஹீரோயினுக்கு அவள் தோழி சொல்வது. அதற்கு மட்டும் முந்நூறு கமெண்ட், அத்தனையும் ஹார்ட்டு. யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. கோமு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளும் அந்தக் கதையை வாசித்தவள்தான். எங்கிருந்து எடுத்தேன் என்று அவளுக்குத் தெரியும்.

நாலாம் நாள் நானே பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக முறுக்குப் பொட்டலம் கொடுத்தேன். கதை என்றால் அந்த இடத்தில் ஹீரோ பைக்கில் துரத்திக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்பான். வரவில்லை.

என் தங்கச்சிக்கு என் வாயால் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டது. பதினாறு கதை எழுதியவள்.

அந்த அக்காவை ஏன் எழுதவரவில்லை என்று இனி நான் கேட்கமாட்டேன்.

ஜூன் 23, திங்கள்

ஐந்து மணிக்கு டின்னைத் திறந்து போனை எடுத்தேன். ஐந்து பத்துக்கு நானே கூப்பிட்டேன். முதல் ரிங்கில் எடுத்தாள்.

"அக்கா, ஒனக்கு இது எழுதுத நேரம்லா?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அத்தான் பஸ்ஸுல சொன்னாவ. அக்கா போனை அரிசிக்குள்ள போட்டுட்டு எழுதுதான்னு. தெரிஞ்சுதான் அடிச்சேன். எடுக்கமாட்டன்னு தெரியும். அடிக்கணும்போல இருந்துச்சு."

அழக்கூடாது என்று நின்றேன். உதட்டில் தையல் போட்டிருப்பதாகச் சாதாரணமாகச் சொன்னாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்: "யாழினி என்ன ஆனா?"

"எந்த யாழினி?"

"பஸ் ஸ்டாப்புல விட்டுட்டியேக்கா. மூணு வாரமா நிக்கா. பஸ் வந்துச்சான்னு கமெண்டுல கூடக் கேட்டேன்."

மல்லி. சின்ன வயசில் எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியின் பெயர் மல்லி. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"திரும்பப் போகமாட்டா" என்றேன்.

"எல்லாரும் போகச் சொல்லுதாவளே. நீ அவுக சொல்லுதபடிதான எழுதுவ."

"இனிமே இல்ல. எழுதுதது நாந்தான்."

"அப்ப எங்க போவா?"

"அக்கா வீட்டுக்கு."

எங்கோ சேவல் கூவியது, அவள் பக்கமா என் பக்கமா தெரியவில்லை. "போன தடவ அந்த அக்கா திருப்பி அனுப்பிட்டாளே" என்றாள்.

"ஆமா. அந்த அக்கா தப்பாப் பேசிட்டா. அதைக் கிழிச்சாச்சு. கதவு திறந்திருக்குன்னு எழுதியிருக்கேன், கோமு. நாளைக்கு அத்தானுக்கு முதல் ட்ரிப்பு. அஞ்சரைக்கு ஒங்க தெரு முனைக்கு வருவாரு."

"நிப்பாட்டுவாவளா? அது ஸ்டாப்பிங் இல்லயே."

"விசில் அவர்கிட்டதான இருக்கு."

0 சொற்கள். முதல் தடவையாக அதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை.

ஜூன் 24, செவ்வாய்

வந்துவிட்டாள். அதே கட்டைப் பை.

ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் ஏன் நிறுத்தச் சொன்னாய் என்று டிரைவர் கேட்டாராம். "என் கொழுந்தியா" என்று மட்டும் சொன்னேன் என்கிறார். அதற்கு மேல் டிரைவரும் கேட்கவில்லையாம். மத்தியானம் மூன்று பேருக்கும் சுண்டவத்தல் குழம்பு. கோமு தையலில் சூடு படாமல் வாயோரமாகச் சாப்பிட்டாள்.

ஜூன் 25, புதன்

எதிர்பார்த்ததுதான். தங்கப்பாண்டி அவர் அண்ணனோடு வந்தார். கோமுவை உள்ளறையில் இருக்கச் சொன்னேன். அவள் இருக்கவில்லை, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும் மதினி" என்று தொடங்கினார். அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம், நான் எழுதியதுதான். கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் போனை எடுத்து நீட்டினார். திரையில் என் கதை.

"இதை எழுதினது நீங்கதான? உரிமை இல்லாதவளை எவன் அடிப்பான்னு. அவளே எனக்கு வாசிச்சுக் காட்டினா, எங்க அக்கா எழுதினதுன்னு பெருமையா. இப்ப என்ன நியாயம் பேசுதீங்க?"

இவர் எழுந்தார். நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். இது நான் பதில் சொல்ல வேண்டியது.

"நாந்தான் எழுதினேன். தப்பா எழுதிட்டேன். எங்க ஆபீஸ்ல பத்திரத்துல தப்பு வந்தா சுரண்டி மறைக்கமாட்டோம், தம்பி. எல்லாருக்கும் தெரியும்படி கோடு போட்டு அடிச்சு, இந்தப் பக்கத்துல அடித்தல் ஒண்ணுன்னு கீழ எழுதிக் கையெழுத்துப் போடணும். அதை இன்னைக்கே போடுதேன். நீங்க அடிச்சதுக்கு எங்க கையெழுத்துப் போடுவீங்க? ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கு. மகளிர் ஸ்டேஷன் இங்கருந்து நடக்குத தூரம். நான் நல்லாவே மனு எழுதுவேன்."

அண்ணன்காரர்தான் முதலில் செருப்பைத் தேடினார். வாசலில் நின்று தங்கப்பாண்டி, "கோமதி, கடைசியாக் கேக்கேன், வாரியா?" என்றார்.

கோமு சொன்னாள்: "பஸ் போயிருச்சு."



பின்குறிப்பு. தளத்தில் ஆறாவது கதையைத் திறந்தேன். அந்த வசனத்தை அழிக்கவில்லை, குறுக்கே கோடு போட்டேன். கீழே எழுதினேன்: "இந்தப் பகுதியில் அடித்தல் ஒன்று. இது பொய். இதை நம்பி என் சொந்தத் தங்கையையே திருப்பி அனுப்பினேன். சுப்புத்தாய், கோவில்பட்டி." பெயரைப் போட்டதும் ஆராதனா ஒழிந்தாள்.

ஜூன் 27, வெள்ளி

அட்மின் மேடம்: "சிஸ், அது உங்க ஹிட்டு கதை! யாரு இந்த சுப்புத்தாய்? ஐடியை ஹேக் பண்ணிட்டாங்களா?"

நேற்றிலிருந்து தொள்ளாயிரம் பேர் என்னைப் பின்தொடர்வதை விட்டுவிட்டார்கள். "வயசான ஆண்டி ஏமாத்திடுச்சு" என்று ஒருத்தி. ஆமாம் தாயே, ஆண்டிதான். ஆண்டிக்கு இன்னும் பதினைந்து கதையில் அடித்தல் வேலை இருக்கிறது, வாரம் ஒன்றாகப் போடுகிறேன்.

610 சொற்கள். அக்கா வாயைத் திறந்தாள், சரியாகப் பேசினாள். மூன்றே வார்த்தைதான். "உள்ள வா, யாழினி."

ஜூலை 1, செவ்வாய்

விதியில் ஒரு மாற்றம். ஐந்து மணிக்கு போன் டின்னுக்கு வெளியே இருக்கும். யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். அதனால் எழுத்து கெட்டுப்போகும் என்று நினைத்தேன். கெடவில்லை, அடித்தால் எடுத்துப் பேசிவிட்டு விட்ட வரியிலிருந்து தொடர்கிறேன்.

கமெண்ட் மட்டும் பார்ப்பதில்லை. ஆப்பையே எடுத்துவிட்டேன். 540.

ஜூலை 4, வெள்ளி

கோமு மேடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதியதை வாசிக்கிறாள். ஒருத்தர் கண்ணிலும் காட்டமாட்டேன் என்ற விதியும் உடைந்தது. கடுமையான ஆள். "இவ ஏன் இவ்வளவு அழுதா? எனக்கு அழுகையே வரலியே. பசிதான் வந்துச்சு" என்றாள். அழுகைப் பக்கம் இரண்டரையும் போயிற்று. யாழினி இப்போது பஸ்ஸில் ஆரஞ்சு மிட்டாய் தின்கிறாள். பல மடங்கு நன்றாக இருக்கிறது.

ஆவுடையப்பன் அண்ணாச்சி, நகல் எடுக்க ஆள் வேண்டும், நாளையிலிருந்து வரச் சொல் என்றார். கோமுவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

காய்ச்சல். 60 சொற்கள். அறுபதும் சொற்கள்தான்.

ஜூலை 10, வியாழன்

கோமுவின் போனுக்குத் தங்கப்பாண்டி நாற்பது தடவை அடித்திருக்கிறார். அவள் அதை அரிசி டின்னுக்குள் போட்டு மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். ராத்திரி சோறு வைக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஜூலை 11, வெள்ளி

நாற்பதாம் நாள். காலை 5.52க்கு முடித்தேன்.

யாழினி திரும்பிப் போகவில்லை. ஆத்விக்குக்கு ஆக்சிடென்ட் எதுவும் நடக்கவில்லை, காய்ச்சல் கூட இல்லை. அவன் நன்றாகத்தான் இருக்கிறான். அவள் இல்லாத வீட்டில் இருக்கிறான், அவ்வளவுதான். இருநூறு பேருக்கு இது பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

கடைசித் தாளில் பத்திரத்தில் எழுதுகிற மாதிரியே எழுதினேன், அந்த நடைதான் எனக்குக் கைவந்தது. "மேற்படி கதை என் சுயபுத்தியுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதப்பட்டது." கீழே கையெழுத்து, சுப்புத்தாய். அதற்கும் கீழே, சாட்சிகள் என்று போட்டு இரண்டு கோடு இழுத்தேன். சாட்சி இல்லாமல் எந்தப் பத்திரமும் செல்லாது.

இவர் முதல் ட்ரிப்புக்குப் போகிற அவசரத்தில், நின்றபடியே, விசிலை வாயில் கவ்விக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டார். எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

பேனாவைக் கோமுவிடம் நீட்டினேன். முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பத்திரத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று அண்ணாச்சி ஒரு வாரத்தில் பழக்கியிருக்கிறார். பிறகு மெதுவாக, அழுத்தி எழுதினாள்.

கல்யாணமானதிலிருந்து பன்னிரண்டு வருஷமாக அவள் பெயருக்கு முன்னால் போட்டுவந்தது "த". தங்கப்பாண்டியின் த. இன்று அது இல்லை. எங்கள் அப்பா வேலுச்சாமியின் எழுத்தைப் போட்டிருந்தாள்.

வே. கோமதி.

அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.